பி.காம் சேர்ந்தாச்சு, ஸ்காலர்ஷிப்புக்கு என்ன செய்வது: தர்மபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்கு

ஜூன் பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பென்னாகரம், அரூர், பாலக்கோடு, போச்சம்பள்ளி என்று ஏதோ ஓர் ஊரிலிருந்து, யாரோ நம்பர் கொடுத்து, ஒரு தம்பியோ தங்கச்சியோ பேசும். "அண்ணா, பி.காம் சீட் கிடைச்சிருக்கு, ஆடிட்டர் ஆகணும்னு ஆசை, ஆனா பணம்தான்..." என்று இழுத்து நிறுத்தும். நான் ஓசூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். உதவித்தொகையில்தான் படித்தேன், ஒரு வருடம் கைக்கு வரவேண்டிய பணத்தை விட்டும் இருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு அவசரமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைக்க எனக்கு மனசு வருவதில்லை. இந்த முறை முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில் மனசில் பதிய வேண்டியது இது: உதவித்தொகை ஃபீஸ் கட்டும் நாளில் வராது. ஃபீஸ் ஜூன், ஜூலையில். விண்ணப்பம் போடுவது அதற்குச் சில மாதம் கழித்து. பணம் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் அடுத்த வருடம் பிப்ரவரி, மார்ச் வாக்கில், சில சமயம் அதுவும் தாண்டி. கணக்குப் பதிவியல் படிக்கப் போகிற பிள்ளை நீங்கள், உங்களுக்கு இது சுலபமாகப் புரியும்: அது வரவேண்டிய பாக்கி, கையிருப்பு இல்லை. அந்தப் பணத்தை நம்பி ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கேட்கும் காலேஜில் சேர்ந்துவிட்டு ஜூலையில் வட்டிக்கு வாங்கினால், மார்ச்சில் வரும் பணம் வட்டிக்குத்தான் போகும். ஆகவே முதல் வேலை, கையிலிருந்து பணம் போகாத இடத்தில் படிப்பை அமைத்துக்கொள்வது. ஸ்காலர்ஷிப் எல்லாம் அதற்கு அப்புறம்.

பணம் வாங்குவதற்கு முன்னால் பணம் போகாமல் பார்ப்பது

தமிழ்நாட்டில் அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சிலது மட்டும் கட்ட வேண்டியிருக்கும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, இரண்டுமே சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அந்த சீட் கிடைத்தும், "பிரைவேட்ல நல்லா சொல்லித் தருவாங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு விட்டுவிடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். எந்தக் காலேஜில் படித்தீர்கள் என்று சி.ஏ. தேர்வுத்தாள் கேட்பதில்லை.

பிசி, எம்பிசி, சீர்மரபினர் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். அரசு கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம் படித்தால், உதவித்தொகைக்கு வருமான வரம்பு உள்ளிட்ட எந்த நிபந்தனையும் இல்லை என்றுதான் அரசு அறிவிப்பில் வரும். முதுகலை மாதிரி மற்ற படிப்புகளுக்குத்தான் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் எம்பிசி குடும்பங்கள் அதிகம், ஆனாலும் "எங்களுக்கு எதுவும் வராதுங்க" என்று ஒதுங்கி இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அரசு உதவி பெறும் கல்லூரி என்று போர்டு இருந்தாலும் உள்ளே எல்லாப் பாடப்பிரிவும் உதவி பெறுவது கிடையாது, சில பிரிவுகளை சுயநிதியில் நடத்துவார்கள். சேரும்போதே ஆபீசில், "இந்த பி.காம் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

கேட்டுவிட்டீர்கள் என்றால் கூடவே இன்னொன்று. பி.காம் சி.ஏ. என்று ஒரு பிரிவு இருக்கும். அதில் வரும் சி.ஏ. என்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆவதற்குப் படிக்கும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி வேறு, அது டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐசிஏஐ என்ற இன்ஸ்டிட்யூட் நடத்தும் தனிப் படிப்பு. இரண்டும் ஒன்று என்று நினைத்து, மூன்று வருடம் கழித்து "ஆடிட்டர் போர்டு எப்போ மாட்டலாம்?" என்று மகளைக் கேட்ட ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பட்ட வேதனையைப் பார்த்த பிறகு, போனில் பேசும் எல்லோரிடமும் முதலில் இதைத்தான் கேட்கிறேன். பி.காம் சி.ஏ. படிப்பதில் தப்பே இல்லை, அதிலிருந்தும் ஆடிட்டர் ஆகலாம், என்ன சேர்ந்திருக்கிறோம் என்று தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

விடுதியை யாரும் ஸ்காலர்ஷிப் கணக்கில் சேர்ப்பதில்லை. என் கணக்கில் அதுதான் மிகப் பெரிய உதவித்தொகை. பிசி, எம்பிசி, ஆதிதிராவிடர் நலத்துறைகளின் கல்லூரி மாணவர் விடுதிகளில், இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், தங்குவதும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை, மாணவிகளுக்கு இந்த தூரக் கணக்கு கிடையாது. தர்மபுரியில் மாதம் ரூமுக்கும் மெஸ்ஸுக்கும் ஆகும் செலவைப் பத்து மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், எந்தப் போர்ட்டலில் வரும் பணமும் அந்த அளவுக்கு வராது. விண்ணப்பம் சேர்க்கை சமயத்திலேயே முடிந்துவிடும், ஆகஸ்டில் போய் வார்டன் முன்னால் நின்றால் இடம் இருக்காது.

அரசுப் பணம் எங்கெங்கே இருக்கிறது

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் வந்தது, அதே 1,000. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. வருமானச் சான்று வேண்டாம், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். கல்லூரி மூலமாக, யுமிஸ் என்ற கல்லூரி மாணவர் பதிவுத் தளத்தில் பதிவாகும். பள்ளியில் உங்களுக்குக் கொடுத்த எமிஸ் மாணவர் நம்பர் அதில் சரியாக இணைந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு இதில் சிக்கல் வரும்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. சி.ஏ. படிக்கிறேன் என்று ரெகுலர் காலேஜை விட்டுவிட்டு அஞ்சல் வழியில் பி.காம் எழுதினால் இந்த 1,000 நின்றுவிடும், தொலைதூரக் கல்விக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அஞ்சல் வழியில் பி.காம், பகலில் கோச்சிங் என்று போகலாம். நம் மாதிரி வீடுகளுக்கு ரெகுலர் பி.காம் படித்துக்கொண்டே சி.ஏ.வின் முதல் இரண்டு கட்டத் தேர்வுகளான ஃபவுண்டேஷன், இன்டர் எழுதி, டிகிரி முடித்த பிறகு ஆர்ட்டிகல்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி, போவதுதான் சரிப்பட்டு வரும் என்பது என் தீர்மானமான கருத்து.

எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை, குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். இதில் கட்டணமும் பராமரிப்புப் படியும் சேர்ந்து வரும். மத்திய அரசின் பங்கு நேரே மாணவர் கணக்கில் ஏறுவதால், ஒரு நாள் காலையில் பெரிய தொகை வந்து நிற்கும். அதில் கல்லூரிக்குக் கட்ட வேண்டியதும் இருக்கிறது. வீட்டில் ஆயிரம் தேவை இருக்கும், எனக்குத் தெரியும், ஆனால் முதலில் கல்லூரி ஆபீசில் பாக்கி எவ்வளவு என்று கேட்டுக் கட்டி ரசீது வாங்குங்கள். ஹால் டிக்கெட் சமயத்தில் அந்த ரசீதுதான் பேசும்.

தாட்கோ என்ற ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகத்தையும் மறக்க வேண்டாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு சி.ஏ., சி.எம்.ஏ. (காஸ்ட் அக்கவுண்டன்ட்), சி.எஸ். (கம்பெனி செக்ரட்டரி) தேர்வுகளுக்கான பயிற்சியை அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். எல்லா நாளும் திறந்திருக்கும் கதவு இல்லை, அறிவிப்பு வரும்போது பிடிக்க வேண்டும். மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் போய் நேரில் கேட்டு வைத்தால் நல்லது.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய எல்லோரும் கட்டாயம் பார்க்க வேண்டியது, மத்திய அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும் சென்ட்ரல் செக்டார் உதவித்தொகை. நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்க வேண்டும். சாதி கேட்பதில்லை என்று அர்த்தமில்லை, இட ஒதுக்கீடு உண்டு, ஆனால் எல்லாப் பிரிவினரும் போடலாம். போர்டு தேர்வில் முதல் 20 பர்சன்டைலுக்குள், அதாவது தேர்வானவர்களை மார்க் வரிசையில் நிறுத்தினால் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள். இளங்கலையில் வருடத்துக்கு 12,000, முதுகலை போனால் 20,000. நமக்கு முக்கியமான ஒரு விஷயம்: மொத்த இடத்தையும் அறிவியல், வணிகவியல், கலை என்று 3:2:1 கணக்கில் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதாவது காமர்ஸ் குரூப் பிள்ளை பயாலஜி குரூப் பிள்ளையோடு மார்க்கில் மோத வேண்டியதில்லை. பாதி இடம் பெண்களுக்கு. இவ்வளவு இருந்தும் நம் பக்கம் காமர்ஸ் பிள்ளைகள் "அதெல்லாம் சயின்ஸ்காரங்களுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் திட்டத்தில் இருக்கிறவர் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்று அதன் விதி சொல்கிறது. ஆகவே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், உங்களுக்கு வரக்கூடிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எது பெரியது, எது எதோடு சேராது என்று பார்த்து, கல்லூரியில் ஸ்காலர்ஷிப்பைக் கவனிக்கும் நோடல் அலுவலரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வருடா வருடம் புதுப்பிக்க 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் வேண்டும். மாம்பழ சீசனில் தோப்பு வேலை, தக்காளி பறிப்பு, குலதெய்வம் கும்பிடு என்று போட்ட லீவெல்லாம் இந்த 75-ல்தான் வந்து இடிக்கும்.

விண்ணப்பத்தை சப்மிட் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். போர்ட்டலில் அதைக் கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அந்த நாள் தாண்டிவிட்டால் உங்கள் விண்ணப்பம் அப்படியே செத்துப்போகும், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லாமல். வாரம் ஒரு தடவை ஸ்டேட்டஸ் பாருங்கள், "பெண்டிங் அட் இன்ஸ்டிட்யூட்" என்று நின்றால் பிரின்ட் எடுத்துக்கொண்டு நேராக ஸ்காலர்ஷிப் செக்ஷனுக்குப் போங்கள். கோபப்பட வேண்டாம். அங்கே ஒருவர் மேசையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் விண்ணப்பம் கிடக்கும், உங்கள் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால் அவருக்கும் உதவி.

தாள்கள்

இங்கேதான் பெரும்பாலான பணம் போகிறது. மார்க் இல்லாமல் உதவித்தொகையை இழந்தவர்களைவிட, தாள் சரியில்லாமல் இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வருமானச் சான்றை ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று கை மாற வேண்டும், ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால் எங்கேயாவது நிற்கும். ஒரு வருடம் செல்லும். ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு போங்கள். அப்பா ஓசூர் கம்பெனியில் மாதச் சம்பளம் என்றால் சம்பளச் சீட்டும் கேட்பார்கள். ஒரு விண்ணப்பத்தில் ஆண்டு வருமானம் 72,000 என்றும் இன்னொன்றில் 96,000 என்றும் போடாதீர்கள். சான்றில் உள்ள எண் எதுவோ அதுவே எல்லா இடத்திலும். உண்மையான எண்ணாக இருக்கட்டும், நாளைக்கு மற்றவர் கணக்கை சரிபார்த்துக் கையெழுத்துப் போடப் போகிற ஆள் நீங்கள்.

அடுத்தது பெயர். மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் 'மு' என்று ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர், பாஸ்புக்கில் பெயருக்கு முன்னால் 'எம்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். மார்க் ஷீட்டை மாற்றுவது மலையைப் புரட்டுவது மாதிரி, ஆதாரையும் பாஸ்புக்கையும் மாற்றுவது சுலபம். அதனால் மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அதற்குத் தகுந்த மாதிரி மற்ற இரண்டையும் திருத்திக்கொள்ளுங்கள், பிறந்த தேதியும் அதே மாதிரி. ஏப்ரல், மே லீவில் செய்தால் ஆதார் மையத்தில் கூட்டம் இருந்தாலும் சமாளிக்கலாம்.

போன் நம்பர். இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். ஆதாரில் அப்பா நம்பர் இருக்கும், அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். இ-சேவை மையத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்க, ஓடிபி அவர் போனுக்குப் போகும், அவர் சாரத்தின் மேல் நின்றுகொண்டு எப்படி எடுப்பார்? மூன்று தடவை அடித்து, நான்காவது தடவை அவர் எடுத்து, எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். உங்கள் சொந்த நம்பரை ஆதாரில் ஏற்றுங்கள், படிப்பு முடியும் வரை அந்த சிம்மை மாற்றாதீர்கள். நேஷனல் போர்ட்டலில் ஒரு முறை பதிவு செய்தால் 14 இலக்க எண் ஒன்று வரும், படிப்பு முழுக்க அதுதான் உங்கள் அடையாளம், அதை நோட்டில் எழுதி வையுங்கள், போனை மட்டும் நம்ப வேண்டாம்.

வங்கிக் கணக்கு: என் பணம் போன கதை

முதல் வருடம் எனக்கு உதவித்தொகை சாங்ஷன் ஆனது. ஸ்டேட்டஸில் பணம் அனுப்பியாச்சு என்று காட்டுகிறது. பாஸ்புக்கில் வரவில்லை. மார்ச், ஏப்ரல், மே என்று வங்கிக்கு நடந்தேன், "வந்தா ஏறிடும்பா" என்றார்கள். கல்லூரியில் கேட்டால் "நாங்க அனுப்பிட்டோம்". கடைசியில் எங்கள் சீனியர் அண்ணா ஒருவர்தான் ஆதார் தளத்தைத் திறந்து, வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதைக் காட்டினார். அதில் என் ஆதாரோடு இணைந்த வங்கி என்று நான் நினைத்தே பார்க்காத ஒரு பெயர் இருந்தது. ஒன்றரை வருடம் முன்னால் எங்கள் ஊர் ரேஷன் கடை வாசலில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து, "கைரேகை வை தம்பி, ஜீரோ பேலன்ஸ் கணக்கு" என்று எல்லோருக்கும் திறந்து கொடுத்தார். அட்டைகூட வரவில்லை. என் பணம் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் நான் வைத்திருந்த போன் நம்பரும் மாறிப்போய், அந்தக் கணக்கைத் திறக்க வழியில்லாமல், அந்த வருடப் பணத்தை விட்டுவிட்டேன். அம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்து இரண்டாம் வருட ஃபீஸ் கட்டினார்கள்.

காரணம் எளிது. அரசுப் பணம் ஆதார் வழியாக வரும்போது நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை, ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கே போகும். கே.ஒய்.சி. கொடுத்தேன், ஆதார் நகல் கொடுத்தேன் என்பது வேறு, உதவித்தொகைக்காக ஆதாரை சீடிங் செய்வது, அதாவது அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக இணைப்பது வேறு. வங்கியில் அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது, அதை நிரப்பிக் கொடுத்து, சில நாள் கழித்து ஆதார் தளத்தில் அந்த வங்கியின் பெயர் 'ஆக்டிவ்' என்று வருகிறதா என்று நீங்களே பாருங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை. நடுவில் யார் கைரேகை கேட்டாலும் எதற்கு என்று கேளுங்கள்.

பழைய பாஸ்புக்கில் உள்ள ஐஎஃப்எஸ்சி எண்ணையும் கவனியுங்கள். பல்லவன் கிராம வங்கி 2019-ல் தமிழ்நாடு கிராம வங்கியானது, வேறு பல வங்கிகளும் 2020-ல் இணைந்தன. பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கு என்றால் புது பாஸ்புக் வாங்கிவிடுவது நல்லது. இரண்டு வருடமாகப் போடாமல் எடுக்காமல் கிடந்தால் கணக்கு முடங்கியிருக்கும், வங்கிக்கு நேரில் போய் கே.ஒய்.சி. தாள்களைக் கொடுத்து உயிர் கொடுத்து வையுங்கள்.

சி.ஏ. படிப்புக்கான செலவு

சரி, ஆடிட்டர் படிப்புக்கு வருவோம். பயப்படுகிற அளவுக்கு ஃபீஸ் இல்லை. ஃபவுண்டேஷன் பதிவுக்கு 9,000, தேர்வுக்கு 1,500 என்ற அளவில் இருக்கிறது. இன்டர் இரண்டு குரூப்புக்கும் சேர்த்துப் பதிவு 18,000. அப்புறம் ஆர்ட்டிகல்ஷிப்புக்கு முன்னால் கம்ப்யூட்டர் பயிற்சி, ஓரியன்டேஷன் என்று இரண்டு வகுப்பு, தலா ஆறேழு ஆயிரம். ஃபைனல் பதிவு 22,000. இவை எல்லாம் ஒரே நாளில் கட்டுவது இல்லை, நான்கைந்து வருடத்தில் பிரிந்து வரும். கணக்குப் போட்டால், புதுமைப் பெண் பணம் ஒன்பது மாதம் தொடாமல் இருந்தால் ஃபவுண்டேஷன் பதிவு முடிந்தது. அதையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன், காரிமங்கலம் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி அப்படித்தான் பதிவு செய்தாள். பாஸ்புக்கில் ஆயிரம், ஆயிரம், ஆயிரம் என்று வரிசையாக ஒன்பது வரவு, கீழே ஒரே ஒரு பற்று. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள்.

அறுபதாயிரம், எழுபதாயிரம் என்று கேட்பதெல்லாம் தனியார் கோச்சிங்குக்கு. அதில் சேருவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இன்ஸ்டிட்யூட்டே ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் மூன்றுக்கும் இணையத்தில் நேரடி வகுப்பு இலவசமாக நடத்துகிறது, பாடப் புத்தகமும் மாதிரித் தாளும் தளத்தில் இலவசம். ஆங்கிலமும் ஹிந்தியும்தான், தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் கஷ்டமாக இருக்கும், நானும் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். அந்த இரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டால் பழகிவிடும். பி.காம் 55 சதவீதத்தோடு முடித்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டர் பதிவு செய்யலாம், அந்த வழியில் ஃபவுண்டேஷன் செலவு மொத்தமும் மிச்சம். அவசரம் இல்லாத வீட்டுக்கு அது நல்ல வழி.

இன்ஸ்டிட்யூட்டுக்குள்ளேயே உதவித்தொகை உண்டு. மெரிட், மெரிட்டும் தேவையும் சேர்ந்தது, தேவை அடிப்படை, நலிந்த பிரிவினர் என்று வகை வகையாக. மாணவர்களுக்கென்று சேமநல நிதியும் தனியாக இருக்கிறது. ஃபவுண்டேஷன் முடித்துப் பதிவு செய்தவர்கள் அறிவிப்பு வரும்போது போட வேண்டும். சேலத்தில் இன்ஸ்டிட்யூட்டின் கிளை இருக்கிறது, சந்தேகம் என்றால் ஒரு நாள் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், தொப்பூர் மலைப்பாதை தாண்டினால் எவ்வளவு நேரம். கம்பெனி செக்ரட்டரி படிப்புக்கும் எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் சலுகை உண்டு, நலிந்த குடும்பங்களுக்குத் தனி அறக்கட்டளை நிதியும் உண்டு.

ஆர்ட்டிகல்ஷிப் இப்போது இரண்டு வருடம்தான், ஸ்டைபண்ட், அதாவது பயிற்சிக் காலத்துக்கான மாதத் தொகை, கட்டாயம் கொடுக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து மாறும், பெங்களூரில் அதிகம், தர்மபுரியில் குறைவு. ஆனால் பெங்களூர் ரூம் வாடகையைக் கழித்துப் பாருங்கள். வீட்டிலிருந்தே ஓசூர் வர முடிகிறவர்களுக்கு, இங்கே தொழிற்சாலைக் கணக்குகள் நிறைய வருவதால் வேலையும் நன்றாகக் கற்கலாம், கையிலும் நாலு காசு நிற்கும்.

அறக்கட்டளை, வங்கி, அப்பாவின் வேலை

எச்டிஎஃப்சி வங்கியின் பரிவர்த்தன் உதவித்தொகை பி.காமுக்கும் உண்டு. அண்மை ஆண்டுகளில் பொதுப் பட்டப்படிப்புக்கு 30,000, வருமானம் 2.5 லட்சத்துக்குள், மார்க் 55 சதவீதம். வீட்டில் சமீபத்தில் பெரிய இடி விழுந்திருந்தால், அப்பா தவறிவிட்டார், வேலை போய்விட்டது என்று இருந்தால், அவர்களுக்கு முன்னுரிமை. எல்ஐசியின் கோல்டன் ஜூபிலி உதவித்தொகையும் பாருங்கள். அகரம் அறக்கட்டளையின் உதவி பன்னிரண்டாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வேண்டியது, தங்கச்சி தம்பி இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.

இவற்றில் உங்களைப் பற்றி எழுதச் சொல்வார்கள். "நான் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவன், தயவுசெய்து உதவவும்" என்று எழுதாதீர்கள், வருகிற எல்லா விண்ணப்பத்திலும் அதே வரிதான் இருக்கும். இப்படி எழுதுங்கள்: "எங்களுக்கு ராயக்கோட்டை பக்கத்தில் ஒன்றரை ஏக்கர். தக்காளி போடுகிறோம். போன வருடம் பறிக்கிற கூலிகூட வராததால் இரண்டு பறிப்பைச் செடியிலேயே விட்டோம். மண்டியில் கொடுத்த சீட்டுகளை நான்தான் நோட்டில் எழுதி, கமிஷன் எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு என்று அப்பாவுக்குக் கூட்டிச் சொல்வேன். இந்தப் பணம் வந்தால் சி.ஏ. ஃபவுண்டேஷன் பதிவுக்கு 9,000, தேர்வுக்கு 1,500, மீதி இரண்டாம் பருவக் கட்டணத்துக்கு." படிக்கிறவருக்கு உங்கள் வீடு கண்ணில் தெரிய வேண்டும், பணம் எங்கே போகும் என்பதும் தெரிய வேண்டும்.

அப்பா, அம்மாவின் வேலையை வைத்தும் பணம் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஓசூர், பர்கூர் தொழிற்சாலையில் வேலை என்றால் டிசம்பர் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், தொழிலாளர் நல நிதி என்று ஒரு சின்னத் தொகை பிடித்திருப்பார்கள். அந்த நிதியை நடத்தும் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது. கட்டுமானத் தொழிலாளர் வாரியத்திலும் உண்டு, அட்டை காலாவதியாகாமல் இருக்க வேண்டும். சிறு விவசாயி என்றால் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கிறதா என்று தாலுகா ஆபீசில் கேளுங்கள். நம் மாவட்டங்களில் ராணுவத்துக்குப் போனவர்கள் நிறைய, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஹவில்தார் வரை ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை உதவி உண்டு. தொகை பெரிதாக இருக்காது, ஆனால் தேர்வுக் கட்டணத்துக்கு ஆகும்.

யாராவது பிராசசிங் ஃபீஸ் 500 கட்டுங்கள், ஓடிபி சொல்லுங்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள். எந்த உண்மையான உதவித்தொகையும் முதலில் காசு கேட்காது.

ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு உதவித்தொகைக்கும் ஒரு பக்கம். பெயர், விண்ணப்ப எண், போட்ட தேதி, கல்லூரி சரிபார்த்த தேதி, சாங்ஷன் தேதி, தொகை, கணக்கில் வந்த தேதி. கடைசி இரண்டு கட்டம் காலியாக இருக்கும் வரை அந்தப் பக்கம் மூடாது. மாதம் ஒரு நாள், நான் முதல் ஞாயிறு வைத்திருந்தேன், பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வந்து நோட்டோடு ஒத்துப் பாருங்கள். ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்த முதல் வாரம் உங்களுக்குக் கொடுக்கும் வேலையும் இதேதான், பேங்க் ரீகன்சிலியேஷன் என்பார்கள்.

இரண்டாம் வருடம் தானாகப் பணம் வரும் என்று இருந்துவிடாதீர்கள், பெரும்பாலானவை ரினியூவல் போட்டால்தான். முதல் வருட மார்க் ஷீட், கல்லூரியில் படிக்கிறீர்கள் என்று தரும் போனஃபைடு சான்று, புது வருமானச் சான்று, போன வருடம் பணம் வந்த பாஸ்புக் பக்கத்தின் நகல், இவற்றை ஒரே ஃபைலில் வைத்து, தகர டப்பாவிலோ பீரோவிலோ எலி, மழை படாத இடத்தில் வையுங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டால் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், கொடுத்த தேதியையும் அந்த நோட்டில் எழுதுங்கள்.